தேடினால் கிடைக்க வேண்டும்: ஒரத்தநாடு வட்டாரத்து மலர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், ஊர் வரலாறு, குலதெய்வக் கோயில் வரலாறு, நினைவு மலர் என்று ஏதாவது ஒன்றை அச்சிட்டு வெளியிடும் விழாக் குழுவினருக்கும், அவற்றைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டித் தரும் டிடிபி நண்பர்களுக்கும்,

உங்கள் மலர்களைத் தேடிப் பிடித்துப் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆய்வேடுகளிலும் அரசாங்கத்தின் மாவட்டக் கையேடுகளிலும் கிடைக்காத செய்தி உங்களிடம்தான் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மனை எழுதிக் கொடுத்தவர் யார், ஏரி மதகு எப்போது உடைந்தது, எந்தத் தெருவில் நாடக சபா ஒத்திகை பார்த்தது, ஊருக்கு முதலில் ரைஸ்மில் கொண்டுவந்தவர் யார், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எந்தத் தோப்பு மிஞ்சியது என்பதையெல்லாம் வேறு எவர் எழுதப் போகிறார்? எழுதுகிறவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருப்பார், இல்லையென்றால் கோயில் வரவுசெலவு பார்க்கும் பெரியவராக இருப்பார். பெரிய எழுத்தாளர் என்ற பெயர் அவருக்கு இருக்காது. ஆனால் அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடாமல் உங்கள் மலரில் தங்கிவிடுகிறது.

தங்கிய பிறகு என்ன ஆகிறது? மேடையில் பொன்னாடையோடு முதல் படி கை மாறும். உபயதாரர்களுக்கு ஆளுக்கு இரண்டு போகும். மிச்சம் அறங்காவலர் வீட்டு பீரோவில் ஏறும். பிடிஎஃப் ஒரு வாரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். ஐந்தாறு வருடம் கழித்துச் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் உங்கள் ஊர்ப் பேத்தி தன் தாத்தா பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்ப்பாள். ஒன்றும் வராது. மலரில் தாத்தாவைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை இருக்கும். அந்தப் பிடிஎஃப் இணையத்தில் எங்கோ ஏற்றப்பட்டும் இருக்கலாம். இருந்தும் அவளுக்கு அகப்படாது.

இதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல். மலர் டிடிபியில் இருக்கும்போது செய்தால் ஓரிரு நாள் வேலை. விட்டுவிட்டால், பின்னால் எத்தனை பெரிய கணினி வந்தாலும் செய்ய முடியாத பகுதி ஒன்று அதில் உண்டு. ஏனென்றால் அதற்கு வேண்டிய தகவல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தடை எழுத்துருவில் இருக்கிறது. நம் பக்கத்து டிடிபிகளில் இன்றும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் என்றே தெரியும். அச்சிலும் அழகாக விழும். கணினி தன்னுள் வைத்திருப்பதோ வேறு. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் அங்கே கிடக்கின்றன. அவற்றின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது எழுத்துரு. அதனால் அந்தப் பிடிஎஃப்பில் ‘தமிழ்’ என்று தேடினால் இல்லை என்றுதான் பதில் வரும். நூறு பக்க மலரும் தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

ஒருங்குறி, அதாவது யூனிகோடு, வந்தபின் இந்தத் தொல்லை தீர வழி பிறந்தது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தன் அலுவலகங்களுக்கு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மலர்கள் பழைய எழுத்துருவிலேயே வந்துகொண்டிருக்கின்றன. பேஜ்மேக்கரில் பழகிய கை, பழைய தலைப்பு டிசைன்கள், அவசரம் எல்லாம் அதற்குக் காரணம். டிடிபி நண்பர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, நாளைக்கே வேண்டும் என்று நிற்கும் குழுவிடம் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஒருங்குறியில் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. நம் அழைப்பிதழ்களிலும் மலர்களிலும் முதலில் நிற்கும் ‘ஸ்ரீ’யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் அதை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்றில் ‘ஸ’ இருக்கும், மற்றொன்றில் ‘ஶ’ இருக்கும். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விதத்தில் அடித்ததை மற்ற விதத்தில் தேடினால் அகப்படாமல் போகலாம். ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் நிறையப் பேர். கண் அதை ஔ என்றே படிக்கும். கணினிக்கு அது வேறு சொல். ஒரே மலருக்குள்ளாவது ஒரே முறையில் அடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்த தடை, தமிழ் தமிழாக இருப்பதாலேயே வருவது. ‘ஒரத்தநாடு’ என்று தேடினால் ‘ஒரத்தநாட்டில்’, ‘ஒரத்தநாட்டுக்கு’, ‘ஒரத்தநாட்டார்’ எதுவும் அகப்படாது. டு என்பது ட்டு ஆகி, அதன்மேல் உருபு ஏறிவிடுகிறது. ஆறு என்றால் ஆற்றில், குளம் என்றால் குளத்தில், மரம் என்றால் மரத்தை. நமக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பிடிஎஃப் தேடல் பெட்டிக்கு இது புரிவதில்லை. பெரிய தேடுபொறிகள் ஓரளவு சமாளிக்கின்றன, முழுதாக இல்லை. ஒரு கட்டுரை முழுக்க ஒரத்தநாட்டைப் பற்றியே இருந்து, அதில் ‘ஒரத்தநாடு’ என்ற வடிவம் ஓரிடத்தில்கூட வராமல் போவது நடக்கக்கூடியதே.

அதற்குமேல் பெயர்ச் சிக்கல். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டார். முத்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரில் அவர் கட்டிய சத்திரத்தால் நம் ஊருக்கு முத்தாம்பாள்புரம் என்றும் பெயர் உண்டு. சத்திரத்தின் பெயரை முத்தாம்பாள் என்றும் முக்தாம்பாள் என்றும் முத்தம்மாள் என்றும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. அந்த வகை நூல்களில் சத்திரத்தைப் பற்றித் தேடும் ஆய்வாளர் ‘ஒரத்தநாடு’ என்று மட்டும் இட்டுத் தேடினால் பாதி செய்தி கை நழுவும். உங்கள் மலரில் ‘முத்தம்மா சத்திரம்’ என்று மட்டும் அச்சாகியிருந்தால் உங்கள் மலரும் நழுவியதில் சேரும்.

நம் வாய்க்கால்களுக்கும் இதே கதை. 1934இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது கல்லணைக் கால்வாய். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அதுதான். ஊரில் அதற்குப் பெயர் புதாறு. பொதுப்பணித்துறைக்காரர் பேச்சில் அது ஜி.ஏ. கெனால். ‘கல்லணைக் கால்வாய்’ என்று தேடுகிறவருக்குப் புதாற்றங்கரையில் நடந்த எதுவும் கிடைக்காது.

கீழையூரைக் கேட்கவே வேண்டாம். நம் வட்டத்திலேயே ஒக்கநாடு கீழையூர் ஒன்று, கண்ணந்தங்குடி கீழையூர் ஒன்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழையூர் ஓர் ஒன்றியத்துக்கே பெயர். மலரில் வெறுமனே ‘கீழையூர்’ என்று வந்தால் உள்ளூர்க்காரருக்குத் தடுமாற்றம் இல்லை. வெளியூர்க்காரர் எந்தக் கீழையூர் என்று எப்படி முடிவு செய்வார்? மாவட்டப் பெயரும் நிலையாக நிற்பதில்லை. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, பிறகு திருவாரூர், நாகையிலிருந்து 2020இல் மயிலாடுதுறை. 1985ஆம் ஆண்டு மலர் ஒன்றில் ‘தஞ்சை மாவட்டம்’ என்றிருந்தால் அது வேதாரண்யத்தையும் குறிக்கலாம்.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் மலரில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘விபவ வருடம் தை மாதம் புதாற்றங்கரைக் கொட்டகையில் வள்ளி திருமணம் நடந்தது. கீழையூர் வாத்தியார் ஆர்மோனியம் வாசித்தார்.’

இதில் விபவ வருடம் எது? அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1928இலும் வந்தது, 1988இலும் வந்தது. புதாறு எப்போது வந்தது என்று தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்: 1928இல் அந்தக் கால்வாயில் தண்ணீரே கிடையாது, ஆகையால் இது 1988, தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1989 தொடக்கம். உள்ளூர்க்காரர் ஒரு நொடியில் போடும் இந்தக் கணக்கு, வெளியிலிருந்து படிப்பவருக்கு ஒரு நாள் வேலை. கணினிக்கு அனேகமாக முடியாத வேலை. கீழையூர் வாத்தியார் யார்? கேட்டால் ஊரில் நான்கு பேர் பெயர் சொல்லுவார்கள். இன்னும் இருபது வருடம் போனால் அந்த நான்கு பேரும் இருக்க மாட்டார்கள்.

குறியிடுதல் என்பது இந்த இடத்தில்தான் வருகிறது. அச்சில் வாக்கியம் அப்படியே இருக்கும். அதன் பின்னால், கணினிக் கோப்பில், ‘விபவ வருடம் தை’ என்ற சொற்களுக்கு ‘இது ஒரு நாள், 1989’ என்று ஒரு குறி. ‘புதாற்றங்கரை’க்கு ‘இது ஓர் இடம், கல்லணைக் கால்வாய்’ என்று ஒரு குறி. ‘கீழையூர் வாத்தியா’ருக்கு அவருடைய முழுப்பெயரும், எந்தக் கீழையூர் என்பதும். எழுத்தாளரின் நடையில் ஓர் எழுத்தும் மாறாது. தேடுகிறவர் 1989 என்று இட்டாலும் வரும், கல்லணைக் கால்வாய் என்று இட்டாலும் வரும். உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பழைய நூல்களையும் கடிதங்களையும் இந்த வகையில்தான் பதிப்பிக்கின்றன. அதற்கென்று 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. என்ற கூட்டு முயற்சி விதிகளை வகுத்துத் தந்து, இன்றும் திருத்திக்கொண்டே இருக்கிறது. குறி போடுவது நூலுக்குள்ளே நடக்கும் வேலை. நூலைப் பற்றிய விவரங்களை, அதாவது தலைப்பு, தொகுத்தவர், ஆண்டு, ஊர், பொருள், உரிமை ஆகியவற்றை, வெளியே தனியாக எழுதி வைப்பது மீத்தரவு. மெட்டாடேட்டா என்று கணினிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் தேடல் துலங்கும்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்கிய புது வழக்கம் என்று யாராவது நினைத்தால் புறநானூற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். பெரும்பாலான பாட்டின் அடியில் திணை இன்னது, துறை இன்னது, பாடியவர் இவர், பாடப்பட்டவர் இவர், சில இடங்களில் எந்தச் சூழலில் பாடியது என்று ஒரு குறிப்பு நிற்கிறது. பதிற்றுப்பத்தில் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று பாட்டுக்குப் பாட்டு நான்கு விவரம். பாட்டு வேறு, பாட்டைப் பற்றிய குறிப்பு வேறு என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் எத்தனை பாட்டில் அரசன் யார், புலவர் யார் என்று தெரியாமல் திண்டாடியிருப்போம்?

தேவாரத்துக்கு இரண்டு அடைவு உண்டு: பண்முறை, தலமுறை. ஓதுவாருக்குப் பண் வரிசை வேண்டும். தலயாத்திரை போகிறவருக்குக் கோயில் வரிசை வேண்டும். பதிகங்கள் அவையேதான், தேடி நுழையும் வழி இரண்டு. அச்சில் இதற்கு இரண்டு புத்தகம் வேண்டும். கணினியில் ஒவ்வொரு பதிகத்துக்கும் பண் இது, தலம் இது என்று குறி இருந்தால் போதும். எந்த வரிசையில் கேட்டாலும் கொடுக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட மின் தேவாரப் பதிப்பைப் பார்த்தால் இந்த வசதியின் அருமை புரியும்.

நம் பக்கத்து மனிதர்களே இந்த வேலைக்கு இலக்கணம் வகுத்தவர்கள். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1855இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். மூலத்தையும் உரையையும் மட்டும் அச்சிட்டுவிட்டு அவர் நிற்கவில்லை. பாடியவர் வரலாறு, பாடப்பட்டவர் வரலாறு, அரும்பதங்களின் அகராதி என்று தேடுகிறவருக்கு வேண்டியதையும் கட்டித் தந்தார். கணினி இல்லை, அட்டவணை போடும் மென்பொருள் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கையால் எழுதி, அகர வரிசைப்படுத்தி, பக்க எண்ணைச் சரிபார்த்து, அச்சுப்படியில் பக்கம் மாறினால் மறுபடி சரிபார்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்தப் பதிப்புகளைத் தேடிப் போவதற்கு மூலபாடத்தின் நம்பகம் ஒரு காரணம் என்றால், பின்னிணைப்புகள் இன்னொரு காரணம்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்திய நூலகவியலின் தந்தை. நூலகத்துக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. தஞ்சை அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு பர்னல் என்ற ஆங்கிலேயர் 1880இல் வகைப்படுத்திய அட்டவணை போட்டார். அதன்பின்தான் அரண்மனைக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளி உலகம் ஒழுங்காக அறிந்தது. சுவடிகள் அதற்கு முன்பும் அதே இடத்தில்தான் இருந்தன.

இத்தகைய பெரிய பெயர்களைச் சொன்னதும், நாங்கள் எங்கே, மலர் எங்கே என்று நீங்கள் நினைக்கலாம். மலருக்கே உரிய சரியான முன்மாதிரி யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பைக் கண்ட சமூகத்திலிருந்து 2005இல் நூலகம் என்ற மின்னூலகம் எழுந்தது. அதில் பாடசாலை மலர், கோயில் மலர், மறைந்தவர்களுக்கு வெளியிடும் நினைவு மலர் எல்லாமே மதிப்பான ஆவணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்று ஒரு சிறு அட்டவணை உண்டு. அத்தோடு பொருளடக்கத்தையும் தட்டச்சு செய்து போடுகிறார்கள். உள்ளே இருப்பது வெறும் ஸ்கேன் படமாக இருந்தால்கூட, கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் தேடலில் வந்துவிடுகின்றன. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மலர் ஒன்றுக்கு அரைமணி நேரம் உட்காரும் ஆள் தேவை.

இன்னும் சில முன்மாதிரிகள் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், மூலப் பதிப்பு எது என்ற நன்றிக் குறிப்பு இருக்கும். மரியாதைக்காக எழுதிய அந்த வரிகள், பாடவேறுபாடு ஏதேனும் தட்டுப்பட்டால் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் உதவுகின்றன. தமிழ் விக்கிமூலத்தில் ஸ்கேன் செய்த பக்கம் ஒருபுறமும் எழுத்தாக்கிய பக்கம் மறுபுறமும் நிற்கும். மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, பார்த்தது மஞ்சள், மறுபடி சரிபார்த்தது பச்சை. எதை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்கு நிறமே சொல்லிவிடுகிறது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

ஒன்று. மலர் வேலை பேசும்போதே ‘ஒருங்குறியில் அடித்துத் தாருங்கள்’ என்று டிடிபியில் சொல்லிவிடுங்கள். பாமினியில் ஏற்கெனவே அடித்ததை மாற்ற இலவச மென்பொருள்கள் உண்டு. என்எச்எம் கன்வர்ட்டர் பலருக்கும் பழக்கமானது. மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்போடு, எழுத்தை மட்டும் கொண்ட ஒரு கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு. கட்டுரைத் தலைப்புக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக்கினால் கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும். கணினிக்கு அது தலைப்பு என்று தெரிய வேண்டுமானால் மென்பொருளில் உள்ள ‘ஸ்டைல்’ வசதியில் தலைப்பு என்று குறிக்க வேண்டும். ஆசிரியர் பெயருக்கு ஒரு ஸ்டைல், படக்குறிப்புக்கு ஒரு ஸ்டைல். இப்படிச் செய்தால் பொருளடக்கம் தானாகவே வந்து விழும். பக்க எண் மாறினாலும் கவலை இல்லை. டிடிபி நண்பர்களுக்கு இது வேலையைக் கூட்டாது, குறைக்கும்.

மூன்று. கோப்பின் பண்புகள் பகுதியை நிரப்புங்கள். நான் பார்த்த கோயில் மலர் ஒன்றின் பண்புகளில் ‘மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ்’ என்று தலைப்பு இருந்தது. முந்தைய வேலைக் கோப்பைத் திறந்து வேறு பெயரில் சேமித்து, அதன்மேலேயே மலரைக் கட்டியிருக்கிறார்கள். கோப்பின் பெயரும் ‘மலர் பைனல் 3 கரெக்சன் புதுசு’ என்று இருந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஊர், மலரின் பெயர், ஆண்டு மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

நான்கு. மலரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகர்களும் கணினிக்காரர்களும் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது டப்ளின் கோர் என்ற விவரப் பட்டியல். அதில் 15 விவரங்கள் உண்டு. நமக்கு எட்டு போதும்: தலைப்பு, தொகுப்பாளர், வெளியிட்டவர், வெளியான நாள், ஊர், பக்கங்கள், எதைப் பற்றியது, உரிமை. நாளைத் தமிழ் ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு எதில் எழுதினாலும் பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் எழுதுங்கள். ஊருக்கு நேரே வட்டமும் மாவட்டமும் வரட்டும்.

ஐந்து. கடைசியில் இரண்டு பக்கம் பெயர் அட்டவணைக்கு ஒதுக்குங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், நீர்நிலை, கோயில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கு வழங்கும் மற்றப் பெயர்கள். புதாறு என்றால் கல்லணைக் கால்வாயையும், ஒரத்தநாடு என்றால் முத்தாம்பாள்புரத்தையும் காட்டுங்கள். ஒருவரைப் பட்டப்பெயரோடு ஓரிடத்திலும், முன்னெழுத்தோடு மட்டும் ஓரிடத்திலும், ‘பெரிய வாத்தியார்’ என்று ஓரிடத்திலும் சொல்லியிருந்தால், மூவரும் ஒருவரே என்று அட்டவணை சொல்ல வேண்டும். பெயரை உருபு இல்லாமல் அதன் இயல்பான வடிவில் எழுதுங்கள். உள்ளே எல்லா இடத்திலும் ‘ஒரத்தநாட்டில்’ என்று இருந்தாலும் அட்டவணையில் ‘ஒரத்தநாடு’ என்று ஒருமுறை இருந்தால் தேடல் பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆறு. படங்களின் கீழே ‘விழாக் காட்சி’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். அடையாளம் தெரியாதவர் இருந்தால் அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதலாம். தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்ல அது வழி விடும்.

ஏழு. அச்சான படியில் ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒன்றைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்புங்கள். நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்குத் தர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. அந்த நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. பிடிஎஃப்பை எல்லாரும் எடுக்கக்கூடிய மின்னூலகம் ஒன்றில் ஏற்றுங்கள். யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரிமையைத் தெளிவாகச் சொல்லி ஏற்றினால்தான் அடுத்தவர் தயக்கமின்றி எடுத்தாள முடியும்.

இத்தனையும் கேட்டபின் சில மறுப்புகள் எழும்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே படத்தைப் பார்த்து எழுத்தாக்கிவிடுகிறதே, நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது ஒன்று. உண்மைதான், ஸ்கேன் செய்த தமிழை எழுத்தாக்குவதில் பெரிய முன்னேற்றம் வந்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்? கீழையூர் வாத்தியார் யார் என்பது பக்கத்தில் இல்லை; உங்கள் தலையில் இருக்கிறது. சொல்லாவிட்டால் அந்தக் கருவி ஊகித்து ஏதாவது ஒரு கீழையூரைச் சொல்லிவைக்கும். பிழையான விவரம் ஒருமுறை பரவிவிட்டால் திருத்துவது, இல்லாததைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

நிறையச் சொற்களைத் திணித்தால் தேடலில் முதலில் வருமே என்பது இன்னொன்று. மலரைப் பற்றிய விவரத்தில் தமிழ், தமிழர், வீரம், தஞ்சை, சோழர், வரலாறு என்று ஐம்பது சொல் கொட்டுகிறவர்கள் உண்டு. உலகமே இப்படிச் செய்ததால்தான், இணையப் பக்கங்களில் மறைத்து வைக்கும் அத்தகைய சொற்பட்டியலைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இல் கூகுள் அறிவித்தது. உங்கள் மலருக்கே உரிய சொல் எது என்று பாருங்கள். சோழர் என்று தேடுகிறவர் உங்கள் மலரைத் தேடவில்லை. ஆம்பலாப்பட்டு என்று ஊர்ப்பெயரை இட்டுத் தேடுகிறவர் தேடுகிறார்.

மூன்றாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் தேடக் கிடைக்கும்படி செய்துவிட்டால் வீட்டு விலாசமும் கைப்பேசி எண்ணும் கண்டவர் கையில் போகாதா? போகும். நன்கொடையாளர் பட்டியலில் எண்ணும் தொகையும் தெருவும் அச்சிடுவது நம் வழக்கம். ஊருக்குள் கைமாறும் புத்தகத்தில் அது இருக்கலாம். இணையத்தில் ஏற்றும் பிரதியில் எண்களையும் விலாசங்களையும் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் படங்களுக்குப் பெயர் போடும்போது பெற்றோரைக் கேளுங்கள். எது தேடலில் வர வேண்டும் என்று முடிவு செய்கிற அதே கையால், எது வரக்கூடாது என்றும் முடிவு செய்யலாம்.

நேரம், பணம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வண்ண அட்டைக்கும் விழா மேடைக்கும் நாம் செலவிடுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். சீட்டு இல்லாத விதைநெல் மூட்டையை எந்த டெல்டா விவசாயியும் நம்பி வாங்குவதில்லை. ரகம், பருவம், விளைந்த இடம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார். அந்தக் கவனத்தை நம் ஊர்க் கதை அடங்கிய புத்தகத்துக்கும் காட்டலாம்.

டிடிபி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதை இலவசச் சேவையாகச் செய்யாதீர்கள். பெயர் அட்டவணைக்கு இவ்வளவு, படக்குறிப்புச் சரிபார்க்க இவ்வளவு என்று விலைப்பட்டியலில் போடுங்கள். ‘தேடக்கூடிய பிடிஎஃப் செய்து தரப்படும்’ என்று கடை வாசலில் எழுதிவையுங்கள். ஒரு மலரைப் பார்த்து அடுத்த ஊர்க்காரர் கேட்கத் தொடங்கினால் இந்த வட்டத்தில் அதுவே வழக்கமாகிவிடும்.

குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த மலருக்கு முன்பணம் கொடுக்கும் முன், பெயர் அட்டவணைக்கென்று ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த கல்லூரி மாணவியாக அவர் இருந்தால் இன்னும் நல்லது. முதல் படி மேடையில் கைமாறும்போது அவர் பெயரையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மலர்களைத் தேடிப் படிக்கும் வாசகன்,
ஒரத்தநாடு